சக்கரம் இல்லாத வண்டி

ஹல் துறைமுகத்து மீனவர்கள் வாழ்ந்த ஹெசல் ரோட்டில் பிள்ளைவண்டி வாங்குகிறவர்கள் யாரும் அதை அன்றைக்கே வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போவதில்லை. பார்த்துப் பிடித்துப் பணத்தைக் கட்டி, கடையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். மிஸ் பிளெங்கின் கடையின் பின்பக்கம் அதற்கென்றே ஓர் அறை இருந்தது. பேர் எழுதிய அட்டை குத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, வண்டிகள் அங்கே காத்து நிற்கும். பிள்ளை பிறந்துவிட்டது, தாயும் பிள்ளையும் நலம் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் துணியை எடுப்பார் அந்த அம்மாள். பிள்ளைக்கு முன்னால் வண்டி வாசல் தாண்டக் கூடாது. காலி வண்டி வந்த வீட்டில் ஓர் ஆள் குறையும். ஏன் என்று அந்தத் தெருக்களில் யாரும் கேட்பதில்லை. கப்பல் புறப்படும் நாளில் ஏன் துணி துவைப்பதில்லை என்றும் கேட்பதில்லை.

நோராவுக்கு அது தெரியாது. தெரியாமல் துவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவள் ஹல் துறைமுகத்துக்காரி அல்ல. உள்ளே, வயல்காட்டுப் பக்கத்திலிருந்து பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, மீன் அறுக்கும் கொட்டகைக்கு வேலைக்கு வந்தவள். பனிக்கட்டித் தண்ணீரில் கை விறைத்து நிற்கும் பெண்களுக்கு நடுவில் அதிகம் பேசாமல் நிற்பாள். மீன்பிடிக் கப்பலில் வேலை செய்த லென் அவளைப் பார்த்ததும் அங்கேதான். மூன்று வாரம் கடலில், மூன்று நாள் கரையில் என்று வாழ்கிற ஆண்களுக்குக் காதலிக்கக் காலம் கிடையாது. நாலாவது தடவை கரைக்கு வந்தபோது கல்யாணம் செய்துகொண்டான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் முதல் முறை கப்பலேறிய அன்று காலை, நோரா அவனுடைய சட்டைகளை அள்ளித் தொட்டியில் ஊறப்போட்டாள். நல்ல மனைவி என்று பேர் வாங்க ஆசை. மாமியார் ஏடா படியேறி வந்தவள், தொட்டிக்குள் கையை விட்டுச் சட்டையை இழுத்து, சொட்டச் சொட்ட அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"என் மகனைக் கழுவி விடுறியா? கடலோட போகட்டும்னு கழுவி விடுறியாடி?"

ஏடாவுக்கு அப்படிக் கத்த நியாயம் இருந்தது. லென் வயிற்றில் இருக்கும்போது அவள் புருஷன் போன கப்பல் திரும்பவில்லை. எந்தத் தப்பினால் அப்படி ஆனது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதனால் எல்லாத் தப்புகளுக்கும் காவல் நின்றாள். கையசைத்து வழியனுப்பக் கூடாது. போய்வா என்று சொல்லக் கூடாது. கடலில் இருக்கும் ஆளைப் பற்றிக் கெட்ட வார்த்தை பேசவே கூடாது. பேசினால் அது அவனைத் தேடிப் போகும். நோரா ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறவள், பார்த்ததைச் செய்தாள்.

அவள் முதல் பிள்ளை உண்டாகியிருந்த குளிர்காலத்தில், லென் கரையில் இருந்த இரண்டாம் நாள், மூவரும் வண்டி பார்க்கப் போனார்கள். லென் கையில் செய்தித்தாளில் சுற்றிய பெரிய காட் மீன் ஒன்று. மூலைவீட்டு நண்பனுக்குக் கொடுக்க எடுத்து வந்தது.

ஏடா கடைக்குள் நுழைந்ததும் நேரே பெரிய கறுப்பு வண்டியிடம் போனாள். உயரச் சக்கரம், பளபளக்கும் ஸ்பிரிங், வண்ணக்கோடு இழுத்த பக்கப்பலகை. தேர் மாதிரி நின்றது.

"இதுதான். இதைத் தள்ளிக்கிட்டுப் போனா, நம்ம ஸ்டேதர்ஸ் வீட்டுப் பிள்ளை போகுதுன்னு ஊரு ஒதுங்கும்."

"ஊரு ஒதுங்கும்மா. எங்க படிக்கட்டு ஒதுங்காதே," என்றான் லென்.

அவர்கள் குடியிருந்தது மாடியில் ஒன்றரை அறை. படிக்கட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போக வேண்டும். நோரா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் சுவரோரம் இருந்த இன்னொன்றின் மேல் நின்றிருந்தது. மேலே தூக்குத்தொட்டில், கீழே மடக்கும் சக்கரச் சட்டம். இரண்டையும் தனித்தனியாகக் கழற்றலாம். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் தொட்டிலோடு தூக்கிக்கொண்டு படியேறலாம்.

"மிஸ், அது..." என்றாள்.

மிஸ் பிளெங்கின் தொட்டிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரண்டு பக்கமும் பிடி, மழைக்கு மூடி, காற்றுக்குப் போர்வை. "அடிப்பலகை கெட்டி. மெத்தையைத் தனியா எடுத்து வெயில்ல போடலாம். பிடியைப் பாரு, ரெண்டு தையல்."

"வெயிலாம்! இந்த ஊர்ல!" என்றாள் ஏடா. "இது வண்டியா? மீன்கூடை. பிள்ளையை ஏலத்துக்குக் கொண்டு போறியாடி?"

லென் அதற்குள் செய்தித்தாள் பொட்டலத்தைத் தொட்டிலுக்குள் வைத்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தான். பிடியைப் பற்றித் தூக்கிக் கடையைச் சுற்றி நடந்தான்.

"ஐயோ, அந்த மீனை எடு! வெள்ளைத் துணி!" என்று மிஸ் பிளெங்கின் பின்னாலேயே ஓடினார்.

"ஷ்ஷ். இப்பதான் தூங்குது. மூக்கு யார் மாதிரி இருக்கு, பாருங்க மிஸ்?"

"உன் மாதிரி. வாயும் உன் மாதிரி, எப்பவும் தொறந்தே இருக்கு."

நோரா சிரித்தாள். ஏடாவும் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிஸ் பிளெங்கின் துணி வகைகளைக் கொண்டுவந்து விரித்தார். ஒன்றில் பண்ணை மிருகங்கள்: மாடு, வாத்து, வேலிக்கு மேலே எட்டிப்பார்க்கும் ஒன்று. நோராவுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

"எங்க அப்பா வளர்த்தது அப்படியே இருக்கு. இந்தப் பன்னிக்குட்டி..."

லென் கை தானாகப் போய் வண்டிச் சட்டத்தின் இரும்பைப் பற்றிக்கொண்டது. மிஸ் பிளெங்கினும் கத்தரிக்கோலைத் தொட்டார். அந்த மிருகத்தின் பேரை மீன்பிடி வீடுகளில் யாரும் சொல்வதில்லை. யாராவது சொல்லிவிட்டால் உடனே இரும்பைத் தொட வேண்டும். ஏடா அந்தத் துணியைக் கவிழ்த்துப் போட்டாள். திட்டியிருந்தால்கூட நோராவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடைசியில் படம் எதுவும் இல்லாத, சாம்பல் நிறத் தொட்டிலை எடுத்தார்கள். உள்ளே வெள்ளைத் துணி. மிஸ் பிளெங்கின் அட்டையில் பேர் எழுதினார். துணி போர்த்தி, பின்னறைக்குள் உருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம், இருட்டும் நேரத்தில், படியில் லென் காலடி கேட்டது. குடித்திருந்தான், ஆனால் நிதானம் இருந்தது. பழுப்புக் காகிதம் சுற்றிய பெரிய பொருள் ஒன்று படிக்கட்டுச் சுவர்களில் உரசிக்கொண்டே மேலே வந்தது. காகிதத்தைப் பிரிக்கும் முன்பே நோராவுக்குத் தெரிந்துவிட்டது.

"லென், வேண்டாம். திருப்பிக் கொண்டு போ."

"ஏன்? இது வண்டியா? சக்கரம் எங்க இருக்கு காட்டு. சக்கரம் கடையில. சக்கரம் இல்லாம வண்டி ஏது? மிஸ்கிட்டயும் அதைத்தான் கேட்டேன், பதில் சொல்ல முடியல. இது வெறும் படுக்கை. படுக்கை வரக் கூடாதுன்னு எவனும் சொல்லல."

"உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"தெரியாது. விடியக்காலம் நான் போறேன். மத்தியானம் நீ கொண்டு போய்க் குடுத்துடு."

"நீயே இப்ப கொண்டு போயேன். எனக்குப் பிடிக்கல."

அவன் தொட்டிலைக் கட்டில்மேல் வைத்தான். மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தான். வலை இழுத்து வெடித்த பெரிய கை. வெள்ளைத் துணியில் பட்டதும் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

"எங்க அப்பா என்னைப் பார்த்ததில்ல, புள்ள. நான் படுத்த இடத்தைக்கூடப் பார்த்ததில்ல. நான் திரும்பி வர்றதுக்குள்ள இது பொறந்துடலாம். படுக்கப்போற இடத்தையாவது பார்த்துட்டுப் போறேனே. பார்க்கணும்னு ஆசையா இருக்கு. அவ்வளவுதான்."

வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிவந்து, தொட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விடியும் முன் வாடகைக் கார் வந்தது. அவள் வாசலுக்குப் போகவில்லை, கையசைக்கவில்லை, ஒன்றும் துவைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். தொட்டிலைத் திருப்பிக் கொடுப்பதை மட்டும் தள்ளிப்போட்டாள். மெத்தையில் அவன் கை அழுத்திய பள்ளம் இன்னும் இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

அவள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும்போதே ஏடா வந்துவிட்டாள். துணி காயப்போடும் கயிறு கேட்டுப் படுக்கையறைக்குள் போனவள், அங்கேயே நின்றாள்.

"இதை யாரு கொண்டு வந்தது?"

நோரா வாயைத் திறந்தாள். ஏடாவின் முகம் வெளுத்திருந்தது. இப்போது லென் என்று சொன்னால் அந்த வாயிலிருந்து என்னென்ன வரும் என்று நோரா அறிவாள். மடையன், தறுதலை, அப்பன் புத்தி என்று வரும். அவன் அந்த நேரம் ஐஸ்லாந்தை நோக்கிப் பனிக்காற்றுக்குள் போய்க்கொண்டிருப்பான். கடலில் இருக்கும் ஆளை அவன் தாய் வாயால் திட்டவிடலாமா? ஏடா கற்றுக்கொடுத்ததைத்தான் நோரா செய்தாள்.

"நான்தாம்மா. நான்தான் மிஸ்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்."

ஏடா அடிக்கவில்லை. "வயக்காட்டுக் கழுதை," என்றாள் தணிந்த குரலில். "உனக்கு எத்தனை தடவைடி சொன்னேன்? எடு. இப்பவே கொண்டு போறேன்."

"காலியா வந்தது தப்புன்னா, காலியா வெளிய போறது இன்னும் தப்பில்லையாம்மா?"

அப்படி ஒன்று அந்தத் தெருவில் நடந்ததே இல்லை. ஏடா அடுப்பங்கரைக்குப் போய், ஒரு கரித்துண்டும் ஒரு பிடி உப்பும் கொண்டுவந்து தொட்டிலுக்குள் வைத்தாள். காலியாக இருக்க வேண்டாம் என்று. அங்கிருந்து நேராக மிஸ் பிளெங்கின் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சத்தம் போட்டாள். "என் மருமக ஒரு அறியாத சிறுக்கி, அவ கேட்டான்னு நீங்க குடுத்துடுறதா?" மிஸ் பிளெங்கின் ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு, "மன்னிச்சுக்கோங்க," என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே தெருவுக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. லென் மனைவி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

லென் போன கப்பலின் பேர் லேடி கான்ஸ்டன்ஸ். ஐஸ்லாந்துக்கு வடக்கே அலைத்துளி பட்ட இடமெல்லாம் உறைந்து, கொடிமரம், கம்பி, கயிறு எல்லாம் மனிதன் இடுப்புக் கனத்துக்குப் பனிக்கட்டி ஏறிய இரவு அது. "எல்லாரும் பனியை வெட்டக் கோடாலியோட மேல நிக்கிறோம்," என்று இன்னொரு கப்பலுக்குச் சொன்னதுதான் அதிலிருந்து வந்த கடைசிப் பேச்சு. மேல்பாரம் ஏறிய கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தால் நிமிராது.

மீனவர் மிஷனிலிருந்து சாவுச் செய்தி சொல்லும் ஆள் கறுப்புக் கோட்டோடு தெருவில் வந்தார். ஜன்னல் திரைகள் அசைந்தன. அவர் யார் வாசலைத் தாண்டிப் போகிறாரோ அந்த வீட்டில் மூச்சு வரும். நோராவின் வாசலில் அவர் தொப்பியைக் கழற்றினார். ஏடா அங்கேதான் இருந்தாள். அவர் பேசி முடிக்கும்வரை ஏடா அவரைப் பார்க்கவில்லை. நோராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்றாள்.

மிச்சத்தை ஊர் சொன்னது. மீன் கொட்டகையில் சொன்னார்கள், துணிவெளுப்புக் கூடத்தில் சொன்னார்கள். அதே கப்பலில் போன மற்றவர்களின் மனைவிமார், தாய்மார், எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் போனார்கள். ஒருத்தி மட்டும் நின்று கேட்டாள், சின்னவள், கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாதவள். "உன் வீட்டு ஆளு மட்டும் போயிருந்தா சரி. என் வீட்டுக்காரர் என்ன பண்ணார்? எந்த வண்டியை நான் பார்த்தேன்?" நோரா தலையைக் குனிந்து நின்றாள். லென்தான் கொண்டுவந்தான் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்ன பிறகு லென் யார்? ஒரு கப்பல் நிறைய ஆட்களைச் சிரித்துக்கொண்டே கொன்றவன். அவனுக்குக் கல்லறைகூட இல்லை. பேர் ஒன்றுதான் மிச்சம்.

பெண் பிறந்தது. ரூத் என்று பேர் வைத்தாள். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் பிள்ளையைத் தொட்டிலோடு தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். மிஸ் பிளெங்கின் கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' அட்டையைத் திருப்பிவிட்டு உட்கார வைத்தார்.

"நான் அவனுக்குக் குடுத்திருக்கக் கூடாது. அந்தச் சிரிப்புக்கு ஏமாந்துட்டேன். நோரா, நான் ஏடாகிட்ட போய்ச் சொல்லிடுறேன். ஊர் உன்னைப் பேசறதைக் கேட்டுக்கிட்டு என்னால கடையில நிக்க முடியல."

"வேண்டாம், மிஸ்."

"ஏன் வேண்டாம்? நீ என்ன பாவம் பண்ணே?"

"அவங்களுக்கு இருந்தது ஒரே மகன். என்னைத் திட்டிக்கிட்டாவது இருக்கட்டும். அவனைத் திட்ட வெச்சுடாதீங்க."

மிஸ் பிளெங்கின் மூக்கைச் சிந்தினார். பின்னறைக்குப் போனார். வரிசையில் ஒரு வெள்ளைத் துணிக்குக் கீழே தொட்டில் இல்லாத சட்டம் மட்டும் நின்றது. துணி நடுவில் குழிந்து தொங்கியது. அதை உருவி எடுத்து, சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

தொட்டிலைச் சட்டத்தில் மாட்டிப் பூட்டியபோது 'டக்' என்று சத்தம் கேட்டது. நோரா பிள்ளையைப் படுக்க வைத்துக்கொண்டு ஹெசல் ரோட்டில் தள்ளிப் போனாள். பெண்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து வெள்ளிக்காசு வைப்பதுதான் வழக்கம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எதிர்ப் பக்கத்து நடைபாதையில் ஏடா வந்துகொண்டிருந்தாள். நோரா மெதுவாகப் போனால் அவளும் மெதுவாக நடந்தாள், நின்றால் நின்றாள், ஆனால் சாலையைக் கடக்கவில்லை. வீட்டு வாசலுக்கு வந்து நோரா பிள்ளையைக் கையில் எடுத்த பிறகுதான் வந்தாள்.

"குடு," என்றாள்.

பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வண்டியைத் தொடவில்லை. ரூத் நடக்கப் பழகும்வரை ஏடா அவளை எங்கே கொண்டுபோனாலும் தோளில் தூக்கியே கொண்டுபோனாள். மழையானாலும், முதுகு வலித்தாலும். மெத்தைத் துணியில் கரித்துண்டு வைத்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருந்தது. நோரா எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. அந்த வட்டத்தின்மேல்தான் பிள்ளை தலை வைத்துத் தூங்கியது.

ஊரை விட்டுப் போய்விடு என்று அவளுடைய அண்ணன் கடிதம் போட்டான். அவள் போகவில்லை. மீன் கொட்டகைக்கே திரும்பிப் போனாள். கத்தி, பனிக்கட்டித் தண்ணீர், பேசாத பெண்கள். கொஞ்ச காலத்தில் பேசினார்கள், சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஆனால் யாராவது உண்டானால் மட்டும், நோரா பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். தானாகவே இடம் மாறி நின்றுகொள்வாள்.

பிறகு மீன்பிடித் தொழிலே படுத்துவிட்டது. தெருக்களை இடித்தார்கள். ஊருக்கு வெளியே கட்டிய புது வீடு ஒன்று நோராவுக்குக் கிடைத்தது. ஏடாவைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். வேறு யார் இருக்கிறார்கள்? இருவரும் ஒரே சமையலறையில் வருஷக்கணக்கில் வாழ்ந்தார்கள். வானொலியில் கடல் வானிலை சொல்லும்போது இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். அவர்களுக்குக் கடலில் யாரும் இல்லை. இருந்தாலும் நிறுத்துவார்கள்.

ஏடா படுக்கையில் விழுந்த வசந்த காலத்தில், ஒரு மத்தியானம், நோரா கரண்டியால் டீ புகட்டிக்கொண்டிருந்தாள். ரூத் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். மிஸ் பிளெங்கின் இறந்து நாளாயிற்று.

"நோரா."

"என்னம்மா?"

"அதை ஏண்டி கொண்டு வந்த?"

அது என்றால் எது என்று நோரா கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஏடா கேட்ட முதல் தடவை. கேட்ட குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளாமல் போகப் பிடிக்காத குரல். உண்மை நோராவின் நாக்கு நுனிவரை வந்தது. இனிச் சொன்னால் என்ன? தெரு இல்லை, கப்பல் இல்லை, பேச ஊர் இல்லை. இந்தக் கட்டிலில் கிடக்கும் கிழவி ஒருத்திதான்.

"பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சும்மா. பிள்ளை படுக்கப்போற இடத்தைப் பார்க்கணும்னு. அவ்வளவுதான்."

ஏடா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னான். வேண்டாம், திருப்பிக் கொண்டு போன்னு சொன்னான். நான்தான் கேக்கல."

"சொல்லியிருப்பான்," என்றாள் ஏடா. "என் பிள்ளைக்குத் தெரியும்."

பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நோரா போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டாள். சமையலறைக்குப் போய், மிச்சமிருந்த டீயைக் குழாயடியில் ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவினாள்.